நிபந்தனைகளுடன் வந்துவிட்டார்

இத்தனை வருஷ அரசாங்க வேலையில் என் படம் பொது இடத்தில் வந்தது ஒரே ஒரு தடவைதான். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் கூட்ரோட்டில், டீக்கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே, மூங்கில் கட்டி நிறுத்திய பேனரில். கொடைக்கானல் ஏரிக்கரையில் குல்லாயும் கூலிங் கிளாசும் மாட்டிக்கொண்டு, கையில் சுட்ட சோளத்தோடு நிற்கிறேன். பக்கத்தில், கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று அப்போதுதான் வெளியே வந்த ஒருவர் கும்பிட்டபடி நிற்கிறார். எங்கள் இருவர் தலைக்கும் மேலே ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

நன்னடத்தை அலுவலராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சட்டப் பிரிவுகளைப் பயிற்சியிலேயே புகட்டியிருப்பார்கள். என்னிடம் அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், பாதி எனக்கு மறந்துவிட்டது. தண்டனைக் காலம் முடியுமுன்னே வெளியே விடுகிறவர்களுக்கு அரசாங்கம் நிபந்தனை போடும். அதைச் சிறைக்குப் போய்ச் சொல்லிப் புரியவைத்து, கையெழுத்து வாங்கி, வெளியே வந்தபின் அந்த ஆள் அதன்படி நடக்கிறாரா என்று பார்ப்பது நம் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதல் வருஷம் நானும் எளிது என்றுதான் நினைத்தேன்.

சிறைக்குள்ளே, கையில் ஃபைல் வைத்திருக்கிற யார் எதைச் சொன்னாலும் பதில் 'சரிங்கம்மா'தான். வேறு பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒருவருக்கு நிபந்தனைகளை வாசித்துக்கொண்டே வரும்போது நடுவில், "தினமும் காலையில் யானையைக் குளிப்பாட்ட வேண்டும்" என்று சேர்த்து வாசித்தேன். "சரிங்கம்மா" என்றார். கையெழுத்தும் போட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை வார்டரிடமிருந்து போன் வந்தது. "மேடம், அந்தாளு ராத்திரி பூரா தூங்கல. யானைய கவருமெண்டு குடுக்குமா, நாமளே பாத்துக்கணுமான்னு கேக்குறாரு."

சிரிக்காதீர்கள். நானும் சிரித்துவிட்டு, பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, யானை கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போதும் "சரிங்கம்மா"தான். அன்றிலிருந்து கைதிக்கு மட்டும் சொல்லி நிறுத்துவதை விட்டுவிட்டேன். குடும்பத்தையும் வரவழைத்து, சாதாரணத் தமிழில் சொல்லுவேன். கடைசியில் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லுவேன்: "இதெல்லாம் ரகசியம் இல்லை. ஊருக்கே தெரிந்திருந்தால்தான் அவர் ஒழுங்காக இருக்க ஊரும் உதவும்." ரொம்பப் பெருமையாகச் சொல்லுவேன் இதை. பயிற்சி வகுப்புகளில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

எல்லப்பன் விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலைகள் வந்து நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், வரப்பு யாருடையது என்று அவருக்கும் பங்காளி முறையில் தம்பியான ஒருவருக்கும் தகராறு. கையில் இருந்த கடப்பாரையால் ஓங்கி அடித்துவிட்டார். தம்பி அங்கேயே போய்விட்டார். எல்லப்பனுக்கு ஆயுள் தண்டனை. இப்போது அந்த நிலம் முழுவதும் கண்டெய்னர் லாரி நிறுத்துகிற யார்டு. எந்த இடத்தில் வரப்பு இருந்தது என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது.

எல்லப்பனுக்கு வீடென்று இருந்தது அக்கா கன்னியம்மாவின் வீடு மட்டும்தான். விடுதலைக்கு முந்தைய வாரம் அந்த அம்மாவும், அவர் மகன் கோபியும் சிறைக்கு வந்தார்கள். கோபி ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பத்து நிபந்தனைகள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். குடிக்கக் கூடாது. கெட்ட சகவாசம் கூடாது, அது நான்காவது. இறந்தவரின் குடும்பம் இருக்கும் தெருவுக்குப் போகக் கூடாது, அவர்களோடு நேரிலோ ஆள் மூலமாகவோ பேசக் கூடாது, அது ஆறாவது. விடுதலையை ஒட்டி மாலை, பட்டாசு, பேனர், வரவேற்பு எதுவும் கூடாது, அது ஒன்பதாவது. கோபி எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்துகொண்டான்.

"மறந்துட்டா இன்னா பண்றது மேடம்? அதான் ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

எனக்கு மனம் பூரித்துப் போய்விட்டது. இப்படி அக்கறையான குடும்பத்தை என் சர்வீசில் பார்த்ததில்லை. சந்தேகம் வந்தால் கூப்பிடு என்று என் நம்பரையும் கொடுத்தேன். வாட்ஸப்பில் என் முகப்புப் படம் கொடைக்கானல் படம் என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

எல்லப்பன் வியாழக்கிழமை வெளியே வந்தார். திங்கட்கிழமை காலை மண்டல அலுவலர் கூப்பிட்டார். எனக்கு மேலதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். பயம் வந்தால் குரல் மெதுவாகிவிடும்.

"எங்க இருக்கீங்க?" என்றார் மெதுவாக.

"காஞ்சிபுரத்துல, ஆபீஸ்ல சார்."

"இல்லை. நீங்க சுங்குவார்சத்திரம் பக்கத்துல ஒரு கூட்ரோட்டுல இருக்கீங்க. கையில சோளம் வச்சிருக்கீங்க."

படத்தை அனுப்பினார். எந்தெந்த வாட்ஸப் குழுவில் எல்லாம் சுற்றி அவரிடம் வந்திருந்ததோ.

"ஒன்பதாவது நிபந்தனை மீறல்னு ரிப்போர்ட் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வரணும். நானும் அங்க வரேன்" என்றார். "அப்புறம், அனுமதி இல்லாம பேனர்ல தோன்றினது ஏன்னு உங்களுக்கு ஒரு மெமோ வரும். பதில் தயார் பண்ணிக்குங்க."

மெமோவை விடுங்கள். மீறல் என்று நான் எழுதினால், எல்லப்பனின் விடுதலை ரத்தாகும். மறுபடி உள்ளே போக வேண்டும். அடுத்த தடவை அவர் பெயர் பரிசீலனைக்கு எப்போது வரும், வருமா என்பதே சந்தேகம். வெளியே வந்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர்.

கிளம்பி வாலாஜாபாத் வழியாகப் போனேன். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என்னை நானே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பேனரின் உச்சியில் தங்க நிறத்தில், 'நிபந்தனைகளுடன் வந்துவிட்டார்!' அதற்குக் கீழே, 'எங்கள் தாய்மாமன் எல்லப்பன்.' வலது பக்கம் வட்டத்துக்குள் நான். 'நிபந்தனைகள் உபயம்' என்று போட்டு என் பெயர், பதவி. நடுவில் பத்து நிபந்தனைகளும் வரிசையாக. ஒன்பதாவது நிபந்தனைக்கு மட்டும் சிவப்பில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள்: 'மாலை, பட்டாசு, பேனர், வரவேற்பு கூடாது.' கீழே வரிசையாக இளைஞர்களின் முகங்கள். 'இவண்: நிபந்தனைகளை மதிக்கும் நண்பர்கள் குழு.'

பேனர் கூடாது என்று பேனரில் எழுதி வைத்த ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன்.

கோபி ஓடி வந்தான். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. "எப்டி கீது மேடம்?"

"பேனர் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"வரவேற்பு பேனர்தான மேடம் கூடாது? 'வருக வருக'ன்னு ஒரு எடத்துல போட்டுகீறனா பாருங்க. 'வந்துவிட்டார்'னுதான் போட்டுகீறேன். இது வரவேற்பு இல்ல, தகவலு. நீங்கதான ஊருக்கே தெரியணும்னு சொன்னீங்கோ? ரெக்கார்டு கீது, போடட்டுமா?"

"வேண்டாம். சிங்கம் எதுக்குடா?"

"அது டிசைன்லயே வந்துடும் மேடம். எடுக்கச் சொன்னா கடைக்காரன் கோச்சிக்கிறான்."

கோபத்தில் திட்ட வாயெடுத்தவள் டீக்கடைப் பக்கம் பார்த்தேன். எல்லப்பன் அங்கே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் இரண்டு கையும். கடையில் டீ வாங்கிய அத்தனை பேரும் கிளாசை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய், பங்சர் கடை வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கொளுத்துகிறது. பெஞ்சு நிழலில் இருக்கிறது. ஒருவர்கூட வரவில்லை.

டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பேனரை ஒரு தடவை பார்த்து, மறுபடி என்னைப் பார்த்து, நான்தான் என்று உறுதி செய்துகொண்டார். "நீங்களே சொல்லுங்க மேடம். நாலாவது கண்டிஷனு, கெட்ட சகவாசம் கூடாது. இவுரு பக்கத்துல எவன் குந்துனாலும், அவன் நல்லவனா கெட்டவனான்னு கேள்வி வருது. அதான் ஒருத்தனும் குந்த மாட்டேன்றான். என் யாவாரம் பூரா பங்சர் கடைக்காரன் வாசல்ல நடக்குது."

அதற்குள் பங்சர் கடைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் கிளாசோடு வந்தார். "எனுக்கு ஒரு சர்டிபிகேட்டு குடுங்கம்மா. நல்ல சகவாசம்னு சீல் போட்டு. நான் குந்திக்கிறேன்."

"இவுருக்குக் குடுத்தா எனுக்கும் குடுக்கணும்" என்றார் பின்னாலேயே வந்த ஒருவர். "இவுரே சீட்டாடி மாட்னவரு."

"எவன்டா மாட்னது? வேடிக்க பாக்கப் போனதுக்கு கூட்டினு பூட்டாங்க!"

இரண்டு பேரும் நடு ரோட்டில் சண்டை போட ஆரம்பித்தார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் எல்லப்பனிடம் போய், "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டேன். எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லீங்கம்மா. டீ அந்த பத்துல இல்ல. இல்லாதது செய்யலாமா, இல்லாதது கூடாதா, தெரியல. உங்களுக்கு போன் பண்ணிக் கேக்கலாம்னு பாத்தேன். போன் பண்றதும் பத்துல இல்ல."

அக்கா கன்னியம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "மேடம், பொழுது சாஞ்சா கதவ வெளில தாப்பா போடச் சொல்றான். போட்டாத்தான் தூக்கம் வருதாம். நான் போட மாட்டேன்னு சொன்னா, நடுங்கிகினு குந்திகினு கீறான். அவன உள்ள அனுப்பிச்சிடாதீங்க. பேனர் வச்சது எம் புள்ள, அறியாம செஞ்சிட்டான்." அழுதார். அவ்வளவு நேரம் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் மண்டல அலுவலரின் ஜீப் வந்து நின்றது. இறங்கினார், பேனரைப் பார்த்தார், உடனே மறுபடி ஜீப்புக்குள் ஏறிக்கொண்டார். யாரோ செல்போனைத் தூக்கியிருந்தார்கள். பேனரும் தானும் ஒரே படத்தில் வந்துவிடக் கூடாது என்று அவருக்குப் பயம். ஒரு ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டாவது தடவை இறங்கி, பேனரின் முதுகுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். "முதல்ல இதை அவுக்கச் சொல்லுங்க" என்றார் ஃபைலுக்குப் பின்னாலிருந்து.

கோபி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏணியைக் கொண்டு வந்தான். ஏறி ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தான். பேனர் மடங்கி, சிங்கம் என் குல்லாய் மேல் கவிழ்ந்தது. அப்போதுதான் முதல் ஷிப்ட் முடிந்து ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் இறங்கினார்கள். அதில் ஒருத்தி விறுவிறுவென்று வந்து ஏணியைப் பிடித்தாள்.

"அவுக்காத. கட்டு."

டீ மாஸ்டர் என் காதருகே வந்து, "வசந்தா. செத்துப் போனவன் பொஞ்சாதி" என்றார். எல்லப்பன் அந்தக் குரல் கேட்டதும் தாமாகவே டீக்கடைக்குப் பின்புறம் போய்விட்டார். ஆறாவது நிபந்தனை.

மண்டல அலுவலர் ஃபைலை இறக்கினார். "அம்மா, இது சட்டப்படி தப்பு. இறந்தவர் குடும்பத்துக்கு மனசு புண்படக் கூடாதுன்னுதான் பேனர் கூடாதுன்னு நிபந்தனையே."

"யாரு குடும்பத்துக்கு சார்? எனுக்கா?" என்றாள் வசந்தா. "எனுக்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? அவன வெளில வுடப்போறாங்கன்னு போலீஸ் வந்து விசாரிச்சதோட சரி. எப்ப வருவான், எங்க இருப்பான், ஒருத்தரும் சொல்லல. அன்னிலேந்து பின்னாடி பைக் வந்தா எனுக்கு ஒதறல். ஒரு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கி ஏரிக்கர வழியா சுத்தி வூட்டுக்குப் போறேன். வெள்ளிக்கெழம காலைல பஸ் ஏற வந்தப்ப இத பாத்தேன். அக்கா வூட்ல கீறான், என் தெருவுக்கு வரக்கூடாது, எங்கிட்ட பேசக்கூடாது, குடிக்கக்கூடாது. எங்க தெரு பேரே போட்டுகீது. நின்னு பத்தையும் படிச்சேன். அன்னிக்குத்தான் இந்த ஸ்டாப்புல எறங்கினேன்."

கைதிக்குச் சொன்னேன், அக்காவுக்குச் சொன்னேன், அக்கா மகனுக்குச் சொன்னேன், காவல் நிலையத்துக்கு நகல் அனுப்பினேன். யாருக்காக அந்த ஆறாவது நிபந்தனையைப் போட்டார்களோ, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என் வேலையில் ஒரு வழியும் இருக்கவில்லை. சிங்கம் போட்ட பேனர்தான் போய்ச் சொல்லியிருக்கிறது.

மண்டல அலுவலர் விசாரணைப் படிவத்தில் வரும் கேள்வியைக் கேட்டார். "இவர் வெளில இருக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"என் புருசன் செத்ததுல எனுக்கு ஆட்சேபணை கீது சார். அத எங்க எழுதுவீங்க?"

அவர் ஃபைலை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்ளவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. என்னைத் தனியே அழைத்து, "இப்ப என்ன எழுதறது? மேல கேப்பாங்களே" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மீறல் என்று ஒரு வார்த்தை எழுதிக் கையைக் கழுவுவது ரொம்ப சுலபம். பேனர் கண்ணெதிரே இருக்கிறது, படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அப்படி எழுதியிருந்தால் மெமோவுக்குக்கூட அதுவே பதிலாகியிருக்கும். நான் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினேன். பேனர் அடித்தபோது எல்லப்பன் சிறைக்குள் இருந்தார், அவருக்கு இதில் கையில்லை. வைத்தவர்கள் என் வார்த்தையை நம்பி வைத்தார்கள். மீறல் என்று யார் மேலாவது எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் என் மேல் எழுதலாம், என் படமும் அதில் இருக்கிறது. ரத்து செய்யப் பரிந்துரைக்கவில்லை. மண்டல அலுவலர் இரண்டு தடவை வாசித்தார். "சோளத்தைப் பத்தி எழுதல இல்ல?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பேனர் இறங்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை என்று வசந்தாவிடம் சொன்னேன். நிபந்தனைகளின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எங்கூட்டு பீரோல கெடந்தா யாருக்கு பயம்? ஊரு பாக்குற எடத்துல இருக்கணும்."

கடைசியில், பஞ்சாயத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் சாதாரண வெள்ளைத் தாளில் ஒட்டுவது என்று முடிவானது. சிங்கம் கிடையாது, நான் கிடையாது, நண்பர்கள் குழுவும் கிடையாது. கோபிக்கு அதில்தான் வருத்தம். கெட்ட சகவாசம் என்றால் டீ குடிப்பதில்லை என்று டீ மாஸ்டருக்கும் மற்றவர்களுக்கும் உரக்கச் சொன்னேன். சர்டிபிகேட் கேட்ட பெரியவர் நம்பாமல், எதற்கும் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

வசந்தா போகவில்லை. "எனுக்கு ஒரு கண்டிஷன் கீது. அதயும் சேருங்க" என்றாள். கோபி தன் மாமனுக்குக் காண்ட்ராக்ட்டில் ஒரு கிடங்கு வேலை பேசி வைத்திருந்தான். அந்த வேலைக்கான பஸ்ஸும் காலையில் இதே நிறுத்தத்தில்தான் நிற்கும், வசந்தாவின் பஸ் போன சற்று நேரத்தில். "என் பஸ்ஸு வந்து நான் ஏர்ற வரைக்கும் அவன் ஸ்டாப்புக்கு வரக்கூடாது. என் கண்ணுல படாத தூரத்துல நிக்கட்டும்."

எல்லப்பன் கடைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நடுவில் இருந்தது ஒரு தகரத் தடுப்பு. ஆனால் பேசக் கூடாது, ஆள் மூலமாகவும் கூடாது. அந்த ஆள் நானாக இருந்தால் பரவாயில்லை என்று நானே முடிவு செய்தேன். அந்தப் பக்கம் போனேன்.

"டிரான்ஸ்பார்மர் கிட்ட நிக்கிறேன்னு சொல்லுங்கம்மா. அவுங்க ஏறினப்புறம் வரேன்."

இந்தப் பக்கம் வந்து சொன்னேன். வசந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். என் சர்வீசில் ஒரு கைதி 'சரிங்கம்மா' என்று சொல்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் நிபந்தனை அதுதான் என்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது தோன்றியது.

அதன்பிறகு நான் எந்தக் கேசிலும், சிறைக்குப் போவதற்கு முன்னால் அந்த இன்னொரு வீட்டின் கதவைத் தட்டாமல் இருந்ததில்லை. சில வீடுகளில் கதவை என் முகத்தில் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அப்படியும் போங்கள். யாருக்கு என்ன பயம் என்று தெரியாமல் நாம் நிபந்தனை போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மாதாந்திரச் சோதனைக்காக ஒரு காலையில் அந்தக் கூட்ரோட்டுக்குப் போயிருந்தேன். வழியில் எங்கேயோ லாரி கவிழ்ந்து, பஸ்கள் எல்லாம் முன்னே பின்னே வந்துகொண்டிருந்தன. வசந்தா நிறுத்தத்தில் நின்றாள். எல்லப்பன் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால். சட்டையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அன்றைக்கு அவருடைய பஸ் முதலில் வந்துவிட்டது.

டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லப்பன் அசையவில்லை. "யோவ், வாய்யா!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து கத்தினார்கள். இன்னொரு நாள் மட்டம் போட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று காண்ட்ராக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். முதல் மட்டமும் இதே மாதிரி பஸ்ஸைத் தவறவிட்டதால்தான். நானே போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வரலாமா என்று நினைத்தேன். கால் வரவில்லை. பஸ் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டது. நான் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

வசந்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் பஸ் தூரத்தில் தெரிந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"நாளைலேந்து அவன் பஸ்ஸு மொதல்ல வந்தா, வந்து ஏறிக்கச் சொல்லுங்க."

"உங்க கண்டிஷன்?"

"அது அப்டியேதான் கீது. மன்னிச்சிட்டேன்னு போய் சொல்லிடாதீங்க. அவன் ஏர்ற வரைக்கும் நான் திரும்பி நின்னுக்கிறேன்."

பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவாள் என்று பார்த்தால், படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள், நான் போய்ச் சொல்லிவிட்டு வருவதற்காக. டிரைவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்காமல் இருந்தார். நான் ரோட்டைத் தாண்டி டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போய் எல்லப்பனிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் திரும்பி நிப்பாங்கன்னு கேட்டு சொல்லுங்கம்மா. நான் மத்தப் பக்கமா வரேன்."

லாரிகள் போய் முடியட்டும் என்று காத்திருந்து, கேட்டுச் சொல்வதற்காக மறுபடியும் ரோட்டைத் தாண்டினேன்.